பட்டி தொட்டி எல்லாம் பாடிய பரவை முனியம்மா! 60 வயதைத் தாண்டி சினிமாவைக் கலக்கிய மதுரைப் பாட்டி

மதுரையை அடுத்த பரவை. 2020-ம் ஆண்டு மார்ச் மாதம் 29-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

ஊரே அடங்கிக் கிடந்தது. டீக்கடை இல்லை. பஸ் இல்லை. ரெயில் இல்லை. எந்த நேரமும் வண்டிகள் பறக்கும் மதுரை- திண்டுக்கல் ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. கொரோனாவுக்காக நாடு முழுவதும் ஊரடங்கு போட்டு அன்றோடு 5-வது நாள்.

அந்த அமைதியில்தான் அந்தச் செய்தி வந்தது. முனியம்மா பாட்டி போய்விட்டார்!

ஆம். பரவை முனியம்மா காலமாகிவிட்டார். அப்போது அவருக்கு வயது 80-க்கு மேல். கொரோனா அல்ல. வயோதிகமும், பல காலமாக வாட்டிய உடல்நலக் குறைவும்தான் காரணம்.

கல்யாணம், காதுகுத்து, கோவில் கொடை, பொங்கல் வைப்பு என்று எங்கே கூட்டம் கூடினாலும் அங்கே பாடியவர் அவர். அவர் கண்ணை மூடியது, நாலு பேர் சேர்ந்து நிற்கவே கூடாது என்று சட்டம் போட்டிருந்த நேரத்தில்!

"விதி பண்ணின வேலையைப் பாரு" என்று மதுரைக்காரர்கள் நெஞ்சில் கைவைத்துச் சொன்னால், அதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

ஊர்ப் பெயரே முதல் எழுத்து

சினிமாக்காரர்களுக்கு எத்தனையோ பட்டப் பெயர் உண்டு. முனியம்மாவுக்கு ஊர்ப் பெயர்தான் பட்டம். "பரவை" என்று சொல்லி முடிப்பதற்குள் "முனியம்மா" என்று எதிராளி சொல்லிவிடுவான். அந்த அளவுக்கு ஊரும் பேரும் ஒட்டிக்கொண்டது.

பரவை பெரிய பட்டணம் அல்ல. ஒரு பேரூராட்சி. மதுரையில் இருந்து திண்டுக்கல் போகிற வழியில் விளாங்குடியைத் தாண்டினால் பரவை. அதைத் தாண்டினால் சமயநல்லூர். காய்கறி மார்க்கெட்டுக்கு வருகிற லாரிகளை விட்டால் வெளியூரில் அதிகம் பேசப்படாத ஊர்.

அந்த ஊரைத் தமிழ்நாடு முழுக்கத் தெரிய வைத்தது யார்? மந்திரியா? மில் முதலாளியா? இல்லை. ஒரு பாட்டி!

வயக்காடுதான் பள்ளிக்கூடம்

முனியம்மாவின் தலைமுறைப் பெண்களுக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்க வாத்தியார் கிடையாது. ஆர்மோனியப் பெட்டி கிடையாது. வயக்காடுதான் பள்ளிக்கூடம். அப்பத்தாவும் அத்தையும்தான் வாத்தியார்.

நடவுக்கு இறங்கினால் முதலில் குலவை. அப்புறம் ஒருத்தி பாட்டை எடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் பின்னாலேயே வாங்கிப் பாடுவார்கள். குனிந்த முதுகு வலிக்காமல் இருக்க அந்தப் பாட்டுதான் மருந்து.

பிள்ளை பிறந்தால் தாலாட்டு. பெண் சமைந்தால் சடங்குப் பாட்டு. கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி செய்து ஒரு பாட்டு. களத்து மேட்டில் தெம்மாங்கு. கடைசியில் ஆள் செத்தால் ஒப்பாரி. பிறப்பு முதல் இறப்பு வரை பாட்டு இல்லாமல் ஒரு காரியம் நடக்காது.

இதில் ஒன்றுகூட ஏட்டில் எழுதி வைத்தது அல்ல. எல்லாம் தொண்டையில் இருந்து தொண்டைக்கு வந்தது. ஒரு கிழவி போனால் அவளோடு நூறு பாட்டு போய்விடும். அடுத்தவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால்தான் மிச்சம்.

முனியம்மா கேட்டவர். கேட்டதை விடாமல் பிடித்துக்கொண்டவர்.

முளைப்பாரியும் கும்மியும்

மதுரைப் பக்கம் மாரியம்மன், காளியம்மன் திருவிழா என்றால் முளைப்பாரி இல்லாமல் கிடையாது.

சட்டியில் மண்ணும் எருவும் போட்டு நவதானியத்தை விதைப்பார்கள். வெயில் படாத இருட்டு அறையில் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். ஏழு நாள், ஒன்பது நாள் என்று ஊருக்கு ஒரு கணக்கு. வெளிச்சம் படாததால் முளை வெளிர் மஞ்சளாக, நெடுநெடு என்று வளரும்.

ஒவ்வொரு நாள் ராத்திரியும் பெண்கள் சுற்றி நின்று கும்மி கொட்டுவார்கள். பாட்டு நன்றாக இருந்தால் பயிர் நன்றாக வளரும் என்பது தாய்க்குலத்தின் நம்பிக்கை. கடைசி நாளில் தலையில் சுமந்து போய்க் கண்மாயிலோ, ஆற்றிலோ கரைப்பார்கள்.

இந்தக் கும்மிக்கு எடுத்துக் கொடுக்கக் குரல் வளம் வேண்டும். நடுவில் அடி மறந்து போகக் கூடாது. அந்த வீட்டுக்கும், அந்தச் சாமிக்கும் ஏற்ற மாதிரி அடியை மாற்றிப் போடவும் தெரிய வேண்டும். அப்படிப்பட்ட பெண் ஊருக்கு ஒருத்திதான் தேறுவாள்.

அந்த ஒருத்தி மேடை ஏறினால் என்ன ஆகும்? முனியம்மா ஏறினார்.

அச்சாரம் வாங்கினால் விடியும் வரை பாட்டு!

தென்மாவட்டங்களில் நாட்டுப்புறப் பாட்டுக் கச்சேரிக்கு என்று தனி நடைமுறை உண்டு. ஊர்ப் பெரியவர்கள் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுப்பார்கள். தேதி முடிவாகும். அந்தத் தேதிக்கு மழையோ, காய்ச்சலோ, போய் நின்றாக வேண்டும்.

சாமி புறப்பாடு முடிந்து கூட்டம் வந்து உட்காரும்போது ராத்திரி பத்து மணி ஆகிவிடும். முதலில் பிள்ளையாருக்கு ஒரு பாட்டு. அடுத்து அந்த ஊர்ச் சாமிக்கு. அப்புறம் தெம்மாங்கு, கேலி, கிண்டல் என்று போகும். "ஆத்தா, நம்ம மதுரைவீரனைப் பத்தி ஒண்ணு பாடு" என்று பந்தல் ஓரத்தில் இருந்து குரல் வரும். பாட மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

இந்தத் தொழிலுக்கு உள்ள காலம் கொஞ்சம்தான். தை பிறந்தால் சூடு பிடிக்கும். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும் கொழிக்கிற மாதங்கள். ஆடியில் அம்மன் திருவிழாக்கள். அதற்கு அப்புறம் மழை வந்தால் மேடை இல்லை. மேடை இல்லை என்றால் காசு இல்லை.

சம்பளப் பட்டியல் இல்லை. பென்ஷன் இல்லை. பாடினால் சோறு. தொண்டை கட்டினால் பட்டினி. நாட்டுப்புறக் கலைஞர்கள் எல்லோருடைய கதையும் இதுதான்.

முனியம்மா இப்படித்தான் பல்லாண்டுகள் ஊர் ஊராகப் பாடினார். வெளிநாட்டு மேடைகளும் கண்டார். ஆனாலும் மதுரை வட்டாரத்துக்கு வெளியே சாதாரண ஜனங்களுக்கு அவர் யார் என்று தெரியாது.

தெரிய வைத்தது 2003-ம் ஆண்டுப் பொங்கல்.

"யாருப்பா இந்தப் பாட்டி?"

அந்தப் பொங்கலுக்கு "தூள்" படம் வந்தது. தரணி டைரக்டு செய்த படம். விக்ரம், ஜோதிகா ஜோடி. வித்யாசாகர் இசை.

ஆலைக் கழிவால் ஊர்த் தண்ணீர் பாழாகிவிடுகிறது. அதைச் சொல்லி நியாயம் கேட்க மந்திரியைத் தேடி கிராமத்தில் இருந்து பட்டணத்துக்கு வருகிறார்கள். அவர்களோடு வருகிற பாட்டிதான் முனியம்மா.

படத்தில் ஒரு சண்டைக் காட்சி. சொர்ணாக்காவின் அடியாட்களைக் கதாநாயகன் புரட்டி எடுக்கிறான். சாதாரணமாக அந்த இடத்தில் டமார், டுமீல் என்று வாத்தியத்தை அலற விடுவார்கள். இங்கே ஒரு கிழவியைப் பாட விட்டார்கள்!

அவ்வளவுதான். தியேட்டர் அதிர்ந்தது.

மைக்கே தேவைப்படாத கணீர்க் குரல். மதுரை மண்ணுக்கே உரிய இழுவை. நெற்றி நிறையப் பொட்டு. நடிப்பு என்றே சொல்ல முடியாத நடிப்பு. கோவில் வாசலில் நின்று பாடுகிற மாதிரியே காமிராவுக்கு முன்னாலும் நின்று பாடினார். கதாநாயகனுக்கு விழுகிற விசில் ஒரு பாட்டிக்கும் விழுந்தது.

அப்போது அவருக்கு வயது 60-ஐத் தாண்டிவிட்டது. மற்றவர்கள் ஓய்வு எடுக்கிற வயதில் அவருக்குச் சினிமா ஆரம்பம் ஆனது!

கொல்லங்குடி காட்டிய வழி

கிராமத்துப் பாட்டி சினிமாவுக்குப் போய்ப் பேர் வாங்குவது இந்தப் பக்கத்துக்குப் புதிது அல்ல.

சிவகங்கைப் பக்கம் கொல்லங்குடி கருப்பாயி அதற்கு முன்பே அந்த வழியைத் திறந்து விட்டவர். 1985-ல் வந்த "ஆண்பாவம்" படத்தில் பாட்டியாக வந்து சிரிக்க வைத்தார், பாடவும் செய்தார். அவரும் வயக்காட்டில் இருந்து வந்த குரல்தான். அவர் 2025-ம் ஆண்டு ஜூன் மாதம் காலமானார்.

இரண்டு பேருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டு பேரும் சினிமாவுக்காகத் தங்களை மாற்றிக்கொள்ளவில்லை. சேலைக் கட்டு மாறவில்லை. பேச்சு மாறவில்லை. சினிமாதான் அவர்களுக்காகக் கொஞ்சம் இறங்கி வந்தது.

எல்லோருக்கும் பாட்டி

"தூள்" படத்துக்குப் பிறகு முனியம்மாவுக்குப் படங்கள் வரிசையாக வந்தன. பெரும்பாலும் பாட்டி வேடம்தான்.

2010-ல் வந்த "தமிழ்ப்படம்" ஞாபகம் இருக்கிறதா? சினிமாவையே கிண்டல் அடித்த சினிமா. ஆண் குழந்தை பிறந்தால் விடமாட்டார்கள் என்ற ஊரில் இருந்து பேரனைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக்கு வருகிற பாட்டி அவர்தான். தன்னையே கேலி செய்துகொள்ளும் வேடம். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட இல்லாமல் செய்தார். பார்த்தவர்கள்தான் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

2014-ல் "மான் கராத்தே". சிவகார்த்திகேயனோடும் அனிருத்தோடும் சேர்ந்து ஒரு பாட்டைப் பாடினார். கல்லூரிப் பிள்ளைகள் ஆட்டம் போட்டார்கள். பேரன் வயதுக்காரர்களோடு பாடுகிறோமே என்ற கூச்சம் அந்தக் குரலில் துளிகூட இல்லை.

டெலிவிஷனில் கிராமத்துச் சமையலும் செய்து காட்டினார். கும்மிப் பாட்டைப் போலவே, வீட்டில் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகிய சமையல்.

தமிழக அரசின் கலைமாமணி விருதும் அவருக்குக் கிடைத்தது.

பட்டணத்துப் பிள்ளைகளுக்கு ஊரில் அப்பத்தா இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். ஆனால் முனியம்மாவைத் திரையில் பார்த்தால், "எங்க ஊர்ப் பாட்டி மாதிரியே இருக்காங்கடா" என்று தோன்றும். பரவையில் ஒரு குடும்பத்துக்குப் பாட்டியாக இருந்தவர் தமிழ்நாட்டுக்கே பாட்டி ஆனது இப்படித்தான்.

புகழ் வந்தது, பணம்?

சரி, இவ்வளவு பேர் புகழ் வந்ததே, பெட்டி நிறையப் பணமும் வந்திருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அதுதான் இல்லை.

சினிமாவில் பாட்டி வேடம் என்றால் நாலு நாள் வேலை, அஞ்சு நாள் வேலை. படத்துக்குப் படம் கூப்பிட்டால் உண்டு. முட்டி வலித்து, மூச்சு வாங்கி, ஷூட்டிங்குக்குப் போக முடியாமல் போனால் அதுவும் நின்றுவிடும். மேடைக் கச்சேரிக்கும் அதே கதிதான்.

முனியம்மாவுக்கும் அந்த நாள் வந்தது. உடம்பு படுத்த ஆரம்பித்தது. பாட முடியவில்லை. வருமானம் இல்லை. மருந்துக்கே வழி இல்லை என்ற செய்தி 2015-ல் பத்திரிகைகளில் வந்தது.

அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா, முனியம்மாவின் பெயரில் 6 லட்சம் ரூபாயை வங்கியில் போட்டு, அதன் வட்டி மாதாமாதம் அவருக்குக் கிடைக்க ஏற்பாடு செய்தார். நடிகர்கள் சிலரும் கை கொடுத்தார்கள்.

மொத்தமாகக் கையில் கொடுத்திருந்தால் ஆஸ்பத்திரிச் செலவிலேயே கரைந்திருக்கும். மாதம் பிறந்தால் கொஞ்சம் வரும் என்ற தைரியம் கிடைத்தது. வயதான காலத்தில் அதுதானே பெரிய தைரியம்?

உறுத்திக்கொண்டே இருந்த கவலை

ஆனாலும் அவர் மனதை ஒரு கவலை அரித்துக்கொண்டே இருந்தது. அவருடைய மகன்களில் ஒருவர் மாற்றுத்திறனாளி. அம்மாதான் அவருக்கு எல்லாம்.

"நான் இருக்கிற வரைக்கும் சரி. நான் போன பிறகு?"

மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பெற்ற ஒவ்வொரு தாயும் ராத்திரி தூக்கம் வராமல் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. கலைமாமணி என்றாலும் தாய் தாய்தானே?

கடைசிக் காலத்தில் அவர் அரசிடம் வைத்த வேண்டுகோளும் அதைப் பற்றித்தான். தனக்குப் பிறகு அந்த உதவித் தொகை மகனுக்குக் கிடைக்க வேண்டும் என்று கேட்டார். தனக்கு வீடு வேண்டும், கார் வேண்டும் என்று கேட்கவில்லை.

ஊர்ப் பிள்ளைகளுக்கு எல்லாம் தாலாட்டுப் பாடியவர். தன் பிள்ளையை நினைத்துத்தான் தூங்காமல் கிடந்தார்.

கல்யாணச் சாவு இல்லை

80 வயது தாண்டி, பேரன் பேத்தி எடுத்த கிழவி செத்தால் மதுரைப் பக்கம் அதைக் கல்யாணச் சாவு என்பார்கள். அழுகை இருக்கும். ஆனால் கொட்டும் இருக்கும், ஆட்டமும் இருக்கும். உறவுக்காரர்கள் கோடி எடுத்துக்கொண்டு வருவார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். பூப்பாடை தெருத் தெருவாகப் போகும்.

முனியம்மா மாதிரி ஒருவர் சாதாரண நாளில் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? கரகாட்டக்காரர்கள், நையாண்டி மேளக்காரர்கள், கூத்துக்காரர்கள் என்று தென்மாவட்டக் கலைஞர்கள் அத்தனை பேரும் திரண்டிருப்பார்கள். பரவையில் கால் வைக்க இடம் இருந்திருக்காது.

ஆனால் அன்றைய நிலைமை வேறு. தமிழ்நாட்டின் முதல் கொரோனா சாவே அதே மதுரையில்தான், மார்ச் 25-ந் தேதி நடந்திருந்தது. ஜனங்கள் வெளியே தலைகாட்டவே பயந்த நேரம். ஊரடங்கு விதிப்படி இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடக் கூடாது. வெளியூரில் இருந்து வர வாகனமும் கிடையாது.

ஆயிரக்கணக்கான பேருக்கு முன்னால் பாடிய பாட்டிக்கு விதித்த கணக்கு 20 பேர்!

திரையுலகினர் பலர் இருந்த இடத்தில் இருந்தே இரங்கல் தெரிவித்தார்கள். ரசிகர்கள் வீட்டில் உட்கார்ந்தபடி செல்போனில் அவர் பாட்டைப் போட்டுக் கேட்டார்கள். அதுதான் அவர்கள் வைக்க முடிந்த ஒப்பாரி.

அந்த ஆண்டு அச்சாரம் எல்லாம் வீண்

பாட்டி போனது பங்குனி மாதத்தில். கலைஞர்களுக்குக் கையில் நாலு காசு பார்க்கிற மாதம்.

அந்த ஆண்டு பங்குனிப் பொங்கல் இல்லை. சித்திரை வந்தது. மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்தது. கள்ளழகர் வைகையில் இறங்கவில்லை. அழகரே வரவில்லை என்றால் ஊர்த் திருவிழா எங்கே நடக்கும்? வாங்கிய அச்சாரத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் எத்தனையோ பாட்டுக்காரர்கள் தவித்தார்கள். முனியம்மாவுக்கு 2015-ல் வந்த நிலைமை, 2020-ல் நாட்டுப்புறக் கலைஞர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தது.

முனியம்மாவுக்காவது சினிமா தந்த பெயர் இருந்தது. பத்திரிகையில் செய்தி வந்தது. முதல்-அமைச்சர் காதுக்கு எட்டியது. பேர் தெரியாத பாட்டுக்காரியின் கஷ்டம் யார் காதுக்கு எட்டும்?

அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-ல் அமைக்கப்பட்டது. ஆனால் பேர் பதிவு செய்தவர்களுக்குத்தான் அதன் உதவி. மனு எழுத வேண்டும், சான்று வாங்க வேண்டும், ஆபீசுக்கு நடக்க வேண்டும். பாட்டை மட்டுமே படித்த பெண்களுக்கு அது ஒரு மலை.

பந்தல் ஓரத்தில் ஒரு பாட்டி

இப்போது திருவிழாக்கள் பழையபடி நடக்கின்றன. முளைப்பாரி போடுகிறார்கள். மைக் செட்டுக்காரர் "தூள்" படப் பாட்டைப் போடுகிறார். அந்தக் கணீர்க் குரல் குழாய் வழியாக ஊர் எல்லை வரை கேட்கிறது. தெருவில் போகிற பொடிசுகூட ஒரு ஆட்டம் போட்டுவிட்டுத்தான் போகிறது.

அதே பந்தல் ஓரத்தில், கும்மிக்கு எடுத்துக் கொடுக்க ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். எந்த ஊரிலும் இருப்பார். அவரை எந்தச் சினிமாக்காரரும் இன்னும் பார்த்திருக்க மாட்டார்.

அவருக்கு வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுக்கும்போது கூடவே ஒரு வார்த்தை கேட்க வேண்டும். "ஆத்தா, வாரியத்துல பேர் பதிஞ்சிருக்கியா?"

இல்லை என்று சொன்னால், ஊரில் படித்த பிள்ளை ஒருவன் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கலாம். அரை மணி நேர வேலை.